சிறுவர் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோருக்கும் வட்டத்தின் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இந்த ஆண்டு முழுவதும் 'கல்லாய்ப் போனவர்கள்' என்ற ஒரே பொருளில் கதைகள் வாசித்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வாசிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அதிக நாள் பிடித்தது சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா கதை (1950). வெள்ளைச் சூனியக்காரியின் கோட்டை முற்றம் முழுக்க அவள் கல்லாக்கியவர்களின் சிலைகள். அங்கே நிற்கும் கற்சிங்கத்துக்கு எட்மண்ட் என்ற சிறுவன் துண்டுப் பென்சிலால் மீசையும் கண்ணாடியும் வரைகிறான். இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கிறுக்கிய பிறகும் சிங்கத்தின் முகத்தில் சோகமும் கம்பீரமும் அப்படியே இருக்க, எட்மண்டுக்கே அந்த விளையாட்டு ருசிக்கவில்லை. பிற்பாடு அஸ்லான் என்ற மாயச் சிங்கம் வந்து மூச்சு விடும்போது முதலில் உயிர் பெறுவதும் அந்தக் கற்சிங்கம்தான். வெள்ளைப் பளிங்கு முதுகில் மெல்லிய பொன் கோடு ஒன்று ஓடிப் பரவுகிறது. பின்பாதி இன்னும் கல்லாக இருக்கும்போதே அது பிடரியைச் சிலுப்புகிறது. அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். கல்லாக்குவதற்கு ஒரு வரி போதும். மீட்கும் இடத்தில்தான் எழுதுகிறவரின் மனசு தெரிகிறது என்பது என் எண்ணம்.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது எல். ஃபிராங்க் பாம் 1913இல் எழுதிய ஓஸ் கதை. மந்திரத் திரவம் தவறிக் கொட்டி மாமா பளிங்காகிவிடுகிறார். அவரை மீட்க ஓஜோ என்ற சிறுவன் ஆறிலைக் குளோவர், இருட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறான். கடைசியில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை வேண்டும். பூச்சியை வதைக்க விடமாட்டேன் என்று அந்தப் பகுதியை ஆளும் தகர மனிதன் மறுத்துவிடுகிறான். மாமாவா, பூச்சியா என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியதுதான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். கதையில் வேறு மந்திரத்தால் மாமா பிழைத்துக்கொள்கிறார்.

கிரிம் சகோதரர்களின் 'விசுவாசமுள்ள ஜான்' கதையைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தோம். கல்லான வேலைக்காரனை மீட்க அரசன் தன் குழந்தைகளின் தலையை வெட்ட வேண்டியிருக்கிறது. குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள் என்றாலும், சின்னவர்களுக்கு அது வேண்டாம் என்ற பெற்றோரின் கருத்தைக் குழு ஏற்றது. டோல்கீனின் 'ஹாபிட்' (1937) கதையில் வரும் மூன்று பூதங்களுக்கு மீட்பே இல்லை. மந்திரவாதி கண்டால்ஃப் குரல் மாற்றிப் பேசி அவர்களைச் சண்டையிலேயே நிறுத்தி வைக்க, பொழுது விடிந்து கல்லாகிறார்கள். அடுத்த நூலில் அவர்களில் ஒருவன் காதுக்குப் பின்னால் பழைய குருவிக்கூடு இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

அகலிகையை ஏன் சேர்க்கவில்லை என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பனின் அகலிகைப் படலத்தை வரும் ஆண்டில் பெரிய பிள்ளைகளுக்கும், ஒரு சிறுமி தானே விரும்பிச் சிலையாகும் ஈ. நெஸ்பிட்டின் மந்திரக் கோட்டைக் கதையை (1907) சின்னவர்களுக்கும் வைக்கலாம் என்று குழு முன்மொழிகிறது. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு கைமாற்றிப் படிப்பது சிரமமாக இருக்கிறது. வீட்டில் இந்த நூல்கள் இருப்பவர்கள் தந்து உதவ வேண்டும். அறிக்கையையும் முன்மொழிவையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்