கேப்டன் குரோனோஸைத் திரையிடவிருக்கும் சங்கத்தாருக்கு

பழைய திகில் படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடும் திரைப்படச் சங்கத்து நண்பர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் 1972-இல் படமாக்கி 1974-இல் வெளியிட்ட 'கேப்டன் குரோனோஸ்: வேம்பயர் ஹண்டர்' உங்கள் பட்டியலில் இருக்கிறதா? அப்படியானால் டிஸ்க்கைப் போட்டு பிளே பட்டனை அழுத்துவதோடு விட்டுவிடாதீர்கள். பிரையன் கிளெமென்ஸ் இயக்கிய ஒரே திரைப்படம் இது. வேம்பயர்களை வாளோடு வேட்டையாடும் குரோனோஸின் கதை; வாள்வீச்சை நம்பி எடுத்த படம். திரையிடுவதில் சிறு பிழை நேர்ந்தாலும் அடி அங்கேதான் விழும்.

படத்தின் சட்டக விகிதம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், 1.66:1. 1920×1080 புரொஜெக்டரில் சரியாக வைத்தால் இரு ஓரத்திலும் சுமார் 64 பிக்சல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும். திரையை நிரப்ப 'ஜூம்' போட்டால் மேலும் கீழுமாக உயரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விடும். கடைசிச் சண்டையில் குரோனோஸை எதிர்க்கும் ஹேகனாக நடித்தவர் வில்லியம் ஹாப்ஸ். படத்தின் வாள்சண்டைகளை அமைத்தவரும் அவரே. அவர் கால் மாற்றி வைப்பதைப் பார்த்தால்தான் அடுத்த வீச்சு எங்கிருந்து வரும் என்பது புரியும். ஜூம் முதலில் விழுங்குவது அந்தப் பாதங்களைத்தான்.

புரொஜெக்டரிலோ டிவியிலோ 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணைத்துவிடுங்கள். மதுக்கடைக் காட்சியில் குரோனோஸ் வாளை உருவியதும் தெரியாது, உறையில் போட்டதும் தெரியாது. எதிரில் நின்ற மூவரும் சரிகிறார்கள். கருவி தானாகக் கற்பனை செய்து இடையில் நுழைக்கும் சட்டகங்கள் அந்த வீச்சை ஈரத்துணியால் துடைத்த கோலம் போல இழுத்துவிடும்.

படம் 91 நிமிடம். பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் 87 நிமிடம் என்று காட்டினால் காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டியதால் வந்த குறைவு அது. ஆனால் லாரி ஜான்சனின் இசை சுருதி ஏறிக் கேட்கும். புளூரே கிடைத்தால் அதையே போடுங்கள்.

ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். நடு ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்புங்கள். இடம் வலம் இரண்டிலும் விட்டால் ஓரத்தில் இருப்பவருக்கு வசனம் பக்கத்துச் சுவரிலிருந்து வரும். உதட்டசைவு பொருந்துகிறதா என்பதைக் குரோனோஸின் வாயைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். அவராக நடித்த ஜெர்மன் நடிகர் ஹோர்ஸ்ட் யான்சனுக்குக் குரல் கொடுத்தவர் ஜூலியன் ஹாலோவே. எவ்வளவு திருகினாலும் முழுசாகப் பொருந்தாது. குரோனோஸின் கூட்டாளி கிராஸ்டாக வரும் ஜான் கேட்டரின் வாயை வைத்துச் சரிபாருங்கள்.

தமிழ் வசனவரி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேம்பயரை 'ரத்தக்காட்டேரி' என்று எழுதிவிடாதீர்கள். இரை தேடும் விலங்குகளில் எத்தனை வகையோ அத்தனை வகை வேம்பயர்களிலும் உண்டு என்கிறார் கிராஸ்ட். இந்த வகை உறிஞ்சுவது இளமையை. இளம்பெண்கள் நொடியில் கிழவியாகிச் சாகிறார்கள். 'காட்டேரி' போதும். வேம்பயராகிவிடும் குரோனோஸின் நண்பர் டாக்டர் மார்க்கஸிடம் மார்பில் ஆப்பு அடிப்பது ஏன் பலிக்கவில்லை, எஃகு ஏன் பலித்தது என்பதும் அந்த வகை வேறுபாட்டில்தான் நிற்கிறது.

இன்னொன்று, கிராஸ்ட் பெட்டியில் வைத்துக் காட்டுப்பாதையில் புதைப்பது தவளை இல்லை, தேரை. வேம்பயர் கடந்து போனால் செத்த தேரை உயிர்பெறும் என்பது அவர் கணக்கு. தேரை மோந்த தேங்காயை அறிந்த நம்மவருக்கு அந்தச் சொல் ஒன்றே சில்லிட வைக்கும், அதை மாற்றாதீர்கள்.

அன்புடன்,
படம் ஓட்டுகிறவர்களும் வசனவரி எழுதுகிறவர்களும்