சத்தியக்கடதாசியில் அவரவர் கதைக்கும் இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் ஓர் அலுவலக வாசலில் பழைய ஓய்வூதியக் கோப்புகள் கட்டுக்கட்டாக லொறியில் ஏறின. பழைய கடதாசியாக நிறுத்து விற்கப் போகிறதாம். மேலே கிடந்த ஒன்று நான் தட்டச்சு செய்தது. என் இயந்திரத்தின் சாய்ந்த 'ழ' எனக்குத் தெரியாதா?

1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்த பின் நான் அடித்த சத்தியக்கடதாசிகளுக்கு (சத்தியம் செய்து கையொப்பமிடும் வாக்குமூலங்களுக்கு) கணக்கில்லை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஆவணங்கள் வன்செயலில் அழிந்துவிட்டன.' மேலே சொல்ல வந்தவர்களை, "அது தேவையில்லை அம்மா" என்று நானே நிறுத்தியிருக்கிறேன்.

என் மருமகன் அமெரிக்கர். அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் பிரித்தானியருக்கு எதிரான சுதந்திரப் போரில் சிப்பாய். அவருடைய ஓய்வூதியக் கோப்பை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அமெரிக்காவின் 1832 ஓய்வூதியச் சட்டப்படி ஆறு மாதமாவது சேவை செய்திருந்தால் மனுச் செய்யலாம். ஐம்பது வருடம் கழித்து எவர் கையில் கடதாசி இருக்கும்? போர்த் திணைக்களத்தில் இருந்தவையும் 1800இலும் 1814இலும் தீக்கிரையாகிவிட்டன. ஆகவே கிழவர்கள் ஊர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, எங்கே பிறந்தார்கள், எந்தக் கப்டனின் கீழ் நின்றார்கள், எங்கெல்லாம் நடந்தார்கள் என்று வாயாலேயே சொன்னார்கள். எழுத்தர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். (எண்பது வயதில் சொன்ன திகதிகள் பிழைப்பதும் உண்டு. மருமகன் படைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டே நம்புகிறார்.)

கோப்பில் என்னை உலுக்கியது அந்தச் சிப்பாயின் விதவை அனுப்பிய தாள். திருமணத்தை நிரூபிக்க, பிள்ளைகளின் பிறந்த திகதிகள் எழுதிய பக்கத்தைக் குடும்ப வேதாகமத்திலிருந்து கிழித்தே அனுப்பிவிட்டாள். எங்கள் அம்மம்மா பஞ்சாங்க அட்டையில் நாழிகை குறித்து வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த விதவையின் மனுவை நிராகரித்தார்கள்: கலியாணம் கணவர் படையை விட்டு விலகிய பிறகு நடந்ததாம், 1836 சட்டத்துக்கு அது போதாதாம். பணம் வரவில்லை, தாள் இருக்கிறது. அதை வைத்துத்தான் மருமகன் ஒன்பது பிள்ளைகளின் பெயரையும் கண்டுபிடித்தார்.

என் அப்பப்பா இங்கே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கூலி. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சின்போது அவர் எங்கே நின்றார், எந்த ஊரிலிருந்து இங்கு வந்தார் என்பதற்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை.

முடிவுற்ற கோப்புகளை, நிராகரித்தவற்றையும் சேர்த்து, விற்பதற்கு முன் குடும்பத்தாருக்கு அறிவித்துப் படமெடுக்க விடவேண்டும். சத்தியக்கடதாசி எழுதும் தம்பிமார், பின்னால் ஒரு வெள்ளைத் தாள் இணைத்து, வந்தவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
உவர்மலை, திருகோணமலை.