உபயகாரர் பட்டியலுக்கும் பூட்டு வேண்டும்: பினாங்கு ஆலய நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். உண்டியலுக்கு இரண்டு பூட்டு போடுகிறோம். உபயகாரர்களின் பெயர், முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் அடங்கிய எக்செல் கோப்போ பூட்டே இல்லாமல் பென்டிரைவில் ஊர் சுற்றுகிறது.

அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்கு 07), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். முகவரியும் சேர்ந்துவிட்டால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? உறுப்பினர் பதிவுக்கு அந்த எண் தேவைப்படலாம். அர்ச்சனைக்கு எதற்கு? முதலில் அதை நீக்குங்கள். இல்லாத தகவல் கசியாது.

எக்செல்லில் 'ப்ரொடெக்ட் ஷீட்' போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது கட்டங்களைத் திருத்தவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் வொர்க்புக்', 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்று போனால்தான் கோப்பு முழுவதும் குறியாக்கமாகும்; அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாததாக மாறும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் அந்தப் பூட்டும் பலவீனம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமியுங்கள். கடவுச்சொல் மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத்தர முடியாது. தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். கணினி வட்டு முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டால் அதன் 48 இலக்க மீட்புச் சாவிக்கும் இதே இடம்தான். கணினிப் பையில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே திருடுபோகும்.

செய்தி போகும் வழியில் வாட்ஸ்அப் அதைக் காக்கிறது, உண்மை. ஆனால் குழுவில் போட்ட பட்டியல் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தங்கிவிடுகிறது. காப்புநகலுக்கான முனைக்கு முனை குறியாக்கத்தைத் தனியாக இயக்காவிட்டால், கூகுள் டிரைவில் உள்ள நகலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பூட்டிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லுங்கள். கூகுள் ஷீட்டில் 'இணைப்பு உள்ள எவரும்' என்ற அனுமதியை நீக்கி, பெயர் பெயராகச் சேருங்கள்.

எவ்வளவு பூட்டினாலும், கோப்பைத் திறந்ததும் எல்லாம் வெளிச்சம். தைப்பூசக் கூட்டத்தில் முகப்பிடக் கணினித் திரை வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து நிற்கும். கணினி பழுது பார்ப்பவர், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே இருப்பார். பழைய பட்டியலின் பின்பக்கம் அர்ச்சனைச் சீட்டாகும். (சிக்கனம் நல்லதுதான், இங்கே வேண்டாம்.) தொண்டர்களுக்குப் பெயரும் நட்சத்திரமும் மட்டும் உள்ள தனிக் கோப்பு போதும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையையும் உணர்வுநுட்பத் தகவலாகக் கருதுகிறது. அச்சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது; ஆலயம் அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். எப்படியானாலும், கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1 ஜூன் 2025 முதல் நடப்பிலுள்ள விதியை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளலாம். உபயகாரர்களுக்கும் உடனே சொல்லுங்கள். யாருடைய பணமாவது போயிருந்தால் அவர் தாமதிக்காமல் வங்கியையும், மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணையும் அழைக்கட்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பு கைமாறும் அன்றே கடவுச்சொற்களை மாற்றி, முன்னாள் குழுவினரின் அனுமதிகளை நீக்கி, அதைக் கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் பினாங்குத் தமிழர் சிலர்