சனிக்கிழமை காலை பத்து மணி

சுங்கை சிப்புட்,
14.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. ஈப்போவில் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறாள். மற்றபடி வீட்டில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. தொலைபேசியில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் லைன் சரியில்லை என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, தங்கச்சியிடம் கொடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தாளையும் தபாலில் போடுவேன். படத்தைப் பார்த்தவுடன் கோபத்தில் பதில் போடாதே. தாள் கைக்கு வந்து, அதை ஒருமுறை படித்த பிறகு எழுது.

நேற்று சனிக்கிழமை, நீதிமன்ற உத்தரவுப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உன் மகள் பாப்பாவைக் காலை பத்து மணிக்குக் கூட்டிவர உன் முறை. மலேசிய தினத்தை ஒட்டித் திங்களும் செவ்வாயும் விடுமுறை, பள்ளிக்கும் தவணை விடுமுறை, இவ்வளவும் சேர்ந்து அமைந்த ஒரு சனிக்கிழமை இந்த ஆண்டில் இன்னொன்று வராது என்பதால், நீ கட்டாயம் வருவாய் என்று அம்மா வெள்ளிக்கிழமையே கோழி வாங்கி வைத்துவிட்டாள். இரவு பதினொரு மணிக்கு "வேலை இருக்கிறது" என்று இரண்டு சொல்லில் செய்தி அனுப்பினாய். எங்களுக்கு அனுப்பினாயே தவிர, பாப்பாவின் அம்மாவுக்கு நீ அனுப்பவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன்.

நான் போகக்கூடாது என்று நீ சொன்னதை மறக்கவில்லை. எதிரே உள்ள ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்க உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பாப்பா ஒன்பதரைக்கே வெளியே வந்து, அந்த ஊதாப் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு எழுந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தரைக்கு மறுபடி உட்கார்ந்தாள். பதினொன்றேகாலுக்கு ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள், மற்றதைக் கழற்றவில்லை. அப்படியே பன்னிரண்டு மணிவரை ஒற்றைச் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தாள், தம்பி. என் தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது. கடைக்காரர் வேறு போடட்டுமா என்று கேட்டபோதுதான் நான் குடிக்கவே இல்லை என்பது தெரிந்தது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. மாதம் எழுநூறு வெள்ளி ஜீவனாம்சத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிவருகிறாய். அந்த எழுநூறுக்காக நீ எத்தனை ஓவர்டைம் செய்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிரிந்துபோன எத்தனை பையன்கள் ஜீவனாம்சமே கொடுக்காமல் ஒளிந்து திரிகிறார்கள் என்று நினைக்கும்போது, என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். ஆனால் பணம் வேறு, முறை வேறு. அன்று ஈப்போவில் வழக்கறிஞர் நம் இருவரையும் உட்கார வைத்து இதைத்தான் சொன்னார்: பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கக்கூடாது, பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தக்கூடாது. பணம் கட்டிவிட்டேன், அது போதும் என்று நீயாக ஒரு மூன்றாவது கணக்கை வைத்திருக்கிறாய்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் குறித்த கை சும்மா இருக்காது. மளிகைக்கடைக் காலண்டரில் உன்னுடைய சனிக்கிழமைகளை எல்லாம் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரி 4 தொடங்கி நேற்று வரை பத்தொன்பது வட்டங்கள். நீ வந்தது நான்கு முறை. பிப்ரவரி 15 அன்று வந்தாய், ஞாயிற்றுக்கிழமை மாலையே திரும்பிவிட்டாய். மறுநாள் திங்கட்கிழமை அவள் முதலாம் ஆண்டில் காலடி வைத்தாள். ஒரு நாள் லீவு எடுத்திருக்கலாம். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், நானும் சொல்லவில்லை.

முன்பு நீ சொன்ன காரணம் நியாயமானது. நீ இருக்கும் ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நாங்கள் இருக்கும் பேராக்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை என்று இருந்தபோது, உங்கள் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளுக்காக அங்கே லார்க்கின் பேருந்து நிலையத்தில் இரவுப் பேருந்து ஏறி ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து, அன்றே திரும்பி ஞாயிறு வேலைக்குப் போனாய். 2023இல் அப்படி எத்தனை முறை வந்தாய்! கண் சிவந்து ஈப்போவின் அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்பாய். பாப்பாவைக் கண்டதும் தூக்கம் எங்கே போனதென்று தெரியாது. பக்கத்து வீட்டாரிடம் நான் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜோகூரிலும் சனி ஞாயிறு விடுமுறை என்று பேப்பரில் பார்த்தபோது, இனி நம் வீட்டில் இரண்டு நாளும் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். வழி திறந்த ஆண்டில்தான் நீ வருவதை நிறுத்தினாய். இதைத்தான் என்னால் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியவில்லை. வேறு சங்கதி ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. நான் கத்த மாட்டேன்.

இன்னொன்று. பாப்பாவுக்கு ஏழு வயதாகட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று 2022இல் சொன்னாய். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று திருமணம், மணமுறிவு பற்றிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் அனுமானம் அந்த வயதோடு முடிகிறது என்பதை மனத்தில் வைத்துத்தான் சொன்னாய். மே மாதம் ஏழு முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் அதே 88ஆம் பிரிவில், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் பார்க்கும் என்று இருப்பதை மறந்துவிட்டாய். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கழித்து நீ மனுப் போட்டு நிற்கும்போது, யாரோ ஒருவர் அவளிடம் கேட்பார். ஒற்றைச் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தவள் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவளும் கிராணி வீட்டுப் பேத்திதான், எண்ணத் தெரியும்.

எங்கள் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்தால்தான் அவள் இந்த வீட்டுக்கு வருவாள். தகப்பன் வழிக் குடும்பத்தாருக்கும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையை உத்தரவில் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, தாத்தா பாட்டி பெயரையும் போடட்டுமா என்று வழக்கறிஞர் கேட்டார். "வேண்டாம் சார், நான்தான் கூட்டிக்கொண்டு வரப் போகிறேனே" என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன். அதனால் உன் பத்தொன்பதில் பதினைந்து போனால் எங்களுக்கும் பதினைந்து போகிறது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

இப்போது நான் சொல்லப் போவதை இரண்டு ஆண்டாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன்.

2023 தீபாவளி. ஒற்றைப்படை ஆண்டு உன் முறை, தீபாவளிக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது உத்தரவு. நீ திங்கட்கிழமை காலையிலேயே ஜோகூருக்குப் புறப்பட்டாய், மாலையில் விட்டுவிடுங்கள் அப்பா என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். மாலை ஐந்து மணிக்குப் பாப்பா பாட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் செய்து, கார் வழியில் நின்றுவிட்டது, நாளைக்கு மெக்கானிக் பார்த்த பிறகுதான் வரமுடியும் என்று சொன்னேன். செவ்வாய் மாலை வரை பாப்பாவை வைத்துக்கொண்டேன். காருக்கு ஒன்றுமில்லை. அது வீட்டு வாசலில்தான் நின்றது.

அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் காவல் நிலைய வாசலில் வைத்துத்தான் கொடுக்க வாங்க முடியும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றது. உன்னைத் திருடனைப்போல் நடத்துகிறாள் என்று நீ கொதித்தாய். நானும் உன்னோடு சேர்ந்து அவளை ஏசினேன். அந்த வாசலில் சீருடைக்காரர்கள் முன்னால் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு முறையும் உன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். அடுத்த ஆண்டு அவள் அதை விட்டுக்கொடுத்து மறுபடி வீட்டுக்கே வரச் சொன்னாள். ஆனால் உன் மனத்தில் ஏற்பட்ட முறிவு அப்படியே நின்றுவிட்டது. நீ வருவது குறைந்ததற்கு அதுதான் வேர் என்று எனக்குப் படுகிறது. அந்த வேரை நட்டவன் நான். ஒரு நாள் செக்ரோலில் பொய்யாகப் பேர் எழுதியதற்காக வேலையாட்களை மேற்பார்த்த ஒரு மண்டோரை நான் தோட்டத் துரையிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும். என் பொய்யை மட்டும் யாரிடமும் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

நேற்று பன்னிரண்டு மணிக்கு எழுந்து சாலையைக் கடந்து போனேன். பாப்பாவின் அம்மா என்னைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. உள்ளே வாங்க மாமா என்றாள். நான் வாசலிலேயே நின்று, அந்தத் தீபாவளியைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் மாமா. என் தம்பி அன்னிக்கு உங்க வீட்டு வழியாத்தான் வந்தான். கார் வாசல்ல நின்னதைப் பார்த்துட்டு வந்து சொன்னான்" என்றாள். ஏன் என் மகனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களை விட்டா அவருக்கு அங்க யார் இருக்கா" என்றாள். எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. பாப்பா என் கையைப் பிடித்துப் பார்த்து, தாத்தா கையில் தே வாசம் அடிக்கிறது என்றாள்.

ஆகவே, தம்பி, பாப்பாவின் அம்மாமேல் உள்ள கோபத்தில் ஒரு பங்கை என் பக்கம் திருப்பிவிடு. மீதியைக் குழந்தையிடம் காட்டாதே.

நான் யோசித்தது இது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உன்னால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று ஒப்புக்கொள். நிலைமை மாறியிருந்தால் உத்தரவை மாற்றக் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 96ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தால் சண்டை இல்லாமலே முடியும். மாதம் ஒரு முறை வெள்ளி இரவு புறப்பட்டு வா, சனி ஞாயிறு இரண்டு நாளும் இரு. விட்டுப்போன முறைக்குப் பதிலாக ஆண்டிறுதி விடுமுறையில் கூடுதலாக ஒரு வாரம் கேள். புதன்கிழமை இரவு எட்டு மணி வீடியோ கால் இருக்கட்டும், அதை எட்டேகாலுக்குச் செய்யாதே, எட்டு மணிக்குச் செய். பாப்பாவின் அம்மாவிடம் இதைப் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். வழக்கறிஞர் மூலம் வந்தால் பார்க்கிறேன் என்றாள், முடியாது என்று சொல்லவில்லை. தாத்தா பாட்டி பெயரையும் இந்த முறை போடச் சொல். இதை எங்களுக்காகவும்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை.

உத்தரவு மாறும்வரை பழைய முறைதான் முறை. வர முடியாவிட்டால் வியாழக்கிழமைக்குள் அவளுக்குச் செய்தி அனுப்பு. எங்களுக்கு அனுப்ப வேண்டாம், அவளுக்கு அனுப்பு. பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிடாமல் இருப்பாள். முதலில் அவளுக்கு அனுப்பு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

அடுத்த வட்டம் 27ஆம் தேதி. அதற்கடுத்து அக்டோபர் 11. தீபாவளி 20ஆம் தேதி, இந்த ஆண்டும் ஒற்றைப்படை, உன் முறை. 19ஆம் தேதி காலை பத்து மணியிலிருந்து 21ஆம் தேதி மாலை ஆறு மணிவரை. ஐந்தரைக்கே நான் அவளை எழுப்பித் தலை சீவி உட்கார வைத்துவிடுவேன், நீ என்னை நம்ப வேண்டாம், நீயே இருந்து கொண்டுபோய் விடு.

26ஆம் தேதி இரவுப் பேருந்துக்குச் சீட்டு எடுத்ததும் தங்கச்சிக்குப் படம் அனுப்பு. எந்த நேரத்துக்கு இறங்கினாலும் அமான்ஜெயாவில் நிற்பேன். காருக்கு நேற்று மாலை புது பேட்டரி மாற்றினேன். இது உண்மை, ரசீது இருக்கிறது.

அன்புடன்,
அப்பா