திருகு கெட்டி, தோல்தான் தகராறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பேத்தி காதைப் பற்றி எழுதியிருந்ததால் அவசரமாக எதையும் கிறுக்கி அனுப்ப மனசு வரவில்லை. "மண்டை எலும்பில் திருகு வைக்கிறார்களாமே, காலத்துக்கும் தாங்குமா?" என்று கேட்டிருக்கிறாய்.

என் காது ஹாஸ்டல் நாளிலிருந்தே உனக்குத் தெரியும். தலையணை உறையெல்லாம் சீழ். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் காதுக்குள் காது கேட்கும் மெஷின் வைத்தால் நாலே நாளில் ஒழுகும். அதனால்தான் 12 வருஷத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் டைட்டானியம் திருகு வைத்தார்கள். 4 மில்லிமீட்டர்தான் நீளம். அதன்மேல் ஒரு குமிழ் தோலுக்கு வெளியே நிற்கும். அதில் மெஷினை மாட்டினால் அதிர்வு எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடும்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று காட்டியவர் ஸ்வீடனின் பிரோனேமார்க். 1965இல் பல்லுக்கு வைத்தார். 1977இல் கோதன்பர்க்கில் காதுக்கும் வைத்துவிட்டார்கள். நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. என் திருகும் இன்றுவரை அசையவில்லை.

தகராறு முழுக்கத் தோலில்தான். குமிழைச் சுற்றித் தினமும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மூன்றாவது வருஷம் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். சிவந்து, கசிந்து, நாற்றம் வேறு. களிம்பில் அடங்கியது. பிறகு ஒருமுறை தோல் தடித்துக் குமிழையே மூடப் பார்த்தது. உயரமான குமிழாக மாற்றினார்கள், திருகைத் தொடவில்லை. சலூனில் சீப்பு அந்தப் பக்கம் போனாலே நான் கையைப் பிடித்துவிடுவேன். ஹெல்மெட் போட்டால் மெஷின் கீயென்று கத்தும், கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

கேட்பது நன்றாகவே இருக்கிறது. போன வருஷம் காது கேட்கும் அளவைச் சோதித்த ஆடியோகிராமில் உள்காது கொஞ்சம் இறங்கியிருந்தது. அது திருகின் குற்றமில்லை, எனக்கு வயசாகிவிட்டது. சக்தி கூடின மெஷினாக மாற்றினேன், இது மூன்றாவது. செலவு என்றால் அதுதான் தொடர் செலவு, அதை இப்போதே கணக்கில் வை.

பேத்திக்கு இரண்டு பக்கமும் காதுத் துளை மூடியிருந்தாலும், சத்தத்துக்கு நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்க்கிற பெரா (BERA) டெஸ்டில் உள்காது சரியாக இருக்கிறது என்கிறாய். அப்படியானால் இந்த வகை மெஷின் அவளுக்குப் பொருந்தும். ஆனால் மூன்று வயசில் திருகு வேண்டாம். எலும்பு மெல்லிசு; பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் திருகு அதிகம் கழன்றுபோகிறது. அமெரிக்காவிலேயே ஐந்து வயசுக்குக் கீழே அனுமதியில்லை. அதே மெஷினைத் தலையைச் சுற்றி மெத்தென்ற பட்டையில் கட்டலாம். அதை மட்டும் தள்ளிப்போடாதே, பேச்சு வரும் வயசு இது.

தோலுக்கு அடியிலேயே வைத்துக் காந்தத்தால் மெஷினை ஒட்டுகிற ரகமும் உண்டு. போன்பிரிட்ஜ் என்கிற கருவி 2012இல் வந்தது, ஓசியா 2019இல். பிரஷ் தொல்லை இல்லை. ஆனால் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் இருக்கிற இடத்தில் படம் கறுத்துவிடும். குமிழ் ரகம் போல நாற்பது வருஷ அனுபவமும் அதற்கு இல்லை. அவள் வளர்வதற்குள் அதுவும் தெரிந்துவிடும்.

ரிப்போர்ட் நகலை அனுப்பு, எங்கள் ஆடியாலஜிஸ்டிடம் காட்டுகிறேன். பொங்கலுக்கு வருகிறேன். தங்கச்சியை முறுக்கு மட்டும் சுட வேண்டாம் என்று சொல், கடித்தால் மண்டைக்குள் ரைஸ்மில் ஓடுகிறது.

உன்,
ராஜு