உன்னிடம் ஜெயித்த 3,000 ரூபாய்

தண்டையார்பேட்டை
ஜூன் கடைசி ஞாயிறு

டேய் சேகர்,

முதலில் பணத்தைப் பேசிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். டிசம்பரிலிருந்து மே வரை நம் நடைப் பந்தயத்தில் நீ தோற்று மாதம் 500 வீதம் அனுப்பினாயே, அது நான் நடந்து ஜெயித்த பணம் இல்லை. சேலை மடித்து ஜெயித்த பணம். எனக்கே போன மாதம்தான் தெரிந்தது, அதனால் ஏமாற்றுக்காரன் என்று திட்டாதே, முட்டாள் என்று வேண்டுமானால் திட்டிக்கொள்.

நீ ரேஸ்கோர்ஸில் காலையும் மாலையும் சுற்றிவிட்டு, கையில் கட்டிய வாட்ச் காட்டுகிற அடிக்கணக்கை 9,000, 9,500 என்று அனுப்புவாய். நான் எங்கள் ஜவுளிக்கடை இருக்கிற எம்.சி. ரோட்டை விட்டு வெளியே வராமலே 14,000 என்று ஸ்கிரீன்ஷாட் தட்டுவேன். கோயம்புத்தூர் குளிரில் நடக்கிறவன் எங்கள் வெயிலில் நிற்கிறவனிடம் தோற்றான் என்று கிண்டல் வேறு பண்ணினேன். மே மாதம் சுகர் பார்க்கப் போனபோதுதான் வினை வந்தது. மூன்று மாத சராசரி 7.9 இருந்தது 8.1 ஆகியிருக்கிறது. "தினமும் 14,000 நடக்கிறேன் சார்" என்று வாட்சை நீட்டினேன். டாக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அது ஒன்பது பத்து கிலோமீட்டர் ஆச்சே, எங்கே நடக்கிறீங்க?" என்றார். கடையில்தான் என்றேன். "கடை எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் பார், அங்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடை உனக்குத் தெரியும். வாசலிலிருந்து பின்சுவர் வரை 22 எட்டு வைத்தால் போதும். அந்தக் கணக்குப்படி நான் தினமும் 600 தடவைக்கு மேல் அந்தக் கடையைக் குறுக்கே நடந்திருக்க வேண்டும், முதலாளி பார்த்தால் பேய் பிடித்துவிட்டது என்று கல்மண்டபத்துக்குக் கூட்டிப்போய் மந்திரித்திருப்பார்.

அந்த வாரம்தான் தங்கச்சி பையன் துபாயிலிருந்து வந்திருந்தான். மாரத்தான் ஓடுகிறவன். புதுசாக ஒன்று வாங்கிவிட்டேன், பழசு சும்மா கிடக்கிறது, நீங்கள் கட்டிப் பாருங்கள் மாமா என்று ஒரு நெஞ்சுப் பட்டையைக் கொடுத்தான். எலாஸ்டிக் பெல்ட், நடுவில் நெல்லிக்காய் அளவு ஒரு பெட்டி, பெட்டிக்குள் வட்ட பேட்டரி. இதயத் துடிப்பு பார்க்கிற சாமான்தான் அது. வாட்ச் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்து ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது, இது ஈ.சி.ஜி. மாதிரி இதயத்தின் மின்சாரத்தையே நேராகத் தொட்டு வாங்குகிறது. பின்லாந்தில் போலார் என்ற கம்பெனி பனிச்சறுக்கு ஓடுகிறவர்களுக்காக இந்த யோசனையை எடுத்து 1982இலேயே ஒயர் இல்லாமல் விற்க ஆரம்பித்துவிட்டார்களாம், நாம் ஆறாவது படிக்கும்போது. ஆனால் எனக்கு வேண்டியது துடிப்பு இல்லை, அடி. நல்லவேளை, அவன் கொடுத்த பட்டை அசைவை வைத்து அடியும் எண்ணுகிறது. எல்லாப் பட்டையும் எண்ணாதுடா, பாதிக்கு மேல் துடிப்போடு சரி. நீ வாங்குவதாக இருந்தால் கடைக்காரனிடம் முதலில் அதைக் கேள்.

சரி, நானும் ஒரு சோதனை வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்சையும் கட்டி, பட்டையும் கட்டி, வீட்டிலிருந்து வாயால் எண்ணிக்கொண்டே 1,000 அடி நடந்தேன், கைவீசித்தான். வாட்ச் 988, பட்டை 1,004. பரவாயில்லை, ரெண்டும் யோக்கியம்தான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது மார்க்கெட்டில் காய் வாங்கி ரெண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி 1,000. பட்டை 996, வாட்ச் 610! அப்புறம் வீட்டில் வந்து உட்கார்ந்து, மனைவியின் பீரோவிலிருந்து சேலைகளை எடுத்து, கடையில் செய்வது போலவே உதறி விரித்து, முந்தியைக் காட்டி, மடித்து வைத்தேன். நாற்பது சேலை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள், அது வேறு கதை. உட்கார்ந்த இடத்திலேயே வாட்ச் 340 அடி ஏற்றியிருந்தது. பட்டையில் ஆறு. அந்த ஆறும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது.

உனக்கும் இப்போது புரிந்திருக்கும். வாட்சுக்குக் கால் இருப்பதே தெரியாது. கை ஒரே தாளத்தில் ஆடினால் அது நடை, ஆடாவிட்டால் நடை இல்லை. நம் தொழிலில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தால் முப்பது சேலை பிரிக்காமல் எழுந்திருக்க மாட்டார், ஐந்தரை மீட்டரையும் வீசி விரித்து மறுபடி மடிக்கிறபோது கை போய்ப் போய் வருகிறதே, அது வாட்சுக்குப் பீச் ரோட்டில் வாக்கிங் போகிற மாதிரி. முகூர்த்த மாதத்தில் நான் 17,000 காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஒரே கல்யாணக் கூட்டம், ஒன்பது பேர் வந்து மூன்று மணி நேரம் புரட்டிவிட்டு ஒரு பிளவுஸ் பிட் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் எனக்குக் கிடைத்தது உன்னுடைய 500 மட்டும்தான்.

இதில் அநியாயம் என்னவென்றால், நிஜமாக வேலை செய்கிற நாளில் வாட்ச் என்னைக் கவனிக்கவே இல்லை. ஆடித் தள்ளுபடிக்கு இப்போது சரக்கு இறங்குகிறது. தோளில் துணி மூட்டையை வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடி குடோனுக்கு ஏறி இறங்குகிறோம். போன வியாழன் பட்டை 8,200 காட்டியது, வாட்ச் 4,900. மீன்பாடி வண்டி தள்ளுகிறவன், தலையில் கூடை வைத்துக் கையால் தாங்கிப் போகிற மீன்காரம்மா, இவர்களுக்கெல்லாம் கையில் வாட்சைக் கட்டினால் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார்கள் என்றுதான் சொல்லும்.

பட்டையில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் வேர்வைக்கு அது ஒரு தண்டனை. மார்புக்குக் கீழே இறுக்கமாக இருக்க வேண்டும், எனக்கு அந்த இடத்துக்கும் தொப்பைக்கும் எல்லைத் தகராறு, நடக்க நடக்க நழுவி வந்துவிடுகிறது. முதல் வாரம் சிவப்பாக வேர்க்குரு. பவுடர் போட்டுக் கட்டினேன், துடிப்பே காட்டவில்லை, அது தோலோடு ஈரமாக ஒட்டினால்தான் பேசும். கட்டும் முன்னால் தண்ணீர் தொட்டுத் தடவச் சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் தண்டையார்பேட்டையில் அதற்கு அவசியமே இல்லை, கடை ஏ.சி.க்குள் போனால்தான் காய்ந்து மக்கர் பண்ணுகிறது. ராத்திரி கழற்றியதும் பெட்டியைத் தனியாக எடுத்துவிட்டு பெல்ட்டைத் தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். பெட்டியைக் கழற்றாமல் விட்டால் ஈரத்தில் இன்னும் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அது பேட்டரியைத் தின்கிறது. பேட்டரி ஒரு வருஷம் வரும் என்று போட்டிருக்கிறான். பொடி எழுத்தைப் படித்தால் தினம் ஒரு மணி நேரம் கட்டினால். நான் பதினொரு மணி நேரம் கட்டுகிறேன், ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

இன்னொரு கூத்து. ஒரு நாள் கவுண்ட்டரில் சும்மா நிற்கிறேன், துடிப்பு 196 என்று காட்டுகிறது. உயிர் போகப்போகிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், பையன்கள் சோடா வாங்க ஓடினார்கள். கழுத்தில் கை வைத்து எண்ணினால் 84தான். தங்கச்சி பையனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். கடையில் கொடுக்கிற பாலியஸ்டர் சட்டை, சுற்றிலும் சிந்தெடிக் சேலை, ஏ.சி. காற்று, எல்லாம் உரசி உரசி மின்சாரம் ஏறுகிறதாம், பட்டை அதையும் இதயம் என்று எண்ணிவிடுகிறது. இப்போது உள்ளே பருத்தி பனியன் போட்டு, பட்டையைக் கொஞ்சம் நனைத்துக் கட்டுகிறேன், அடங்கிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பள்ளத்தில் குதித்தாலும் சில அடி ஏறுகிறது. அதை நான் மன்னித்துவிட்டேன், அந்த ரோட்டில் போனால் நமக்கும் நடந்த களைப்புதான்.

பட்டையின் உண்மைக் கணக்கு என்ன தெரியுமா? சரக்கு இறங்காத சாதாரண நாளில் 3,800. காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறேன், கால் வீங்குகிறது, ஆனால் நடை 3,800. முதல் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம், தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1965இல் ஜப்பானில் ஒரு கடிகாரக் கம்பெனி விற்ற இடுப்புக் கருவியின் பெயர் மன்போ-கெய், பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். முந்தின வருஷம்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், அந்தச் சூட்டில் விற்றார்கள். டாக்டர் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்ட எண் இல்லை, விளம்பரத்துக்கு வைத்த பெயர். 2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களை, சராசரி 72 வயது, பல வருஷம் கவனித்து ஒரு ஆய்வு வந்தது. தினம் 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே சாவு நன்றாகக் குறைவு, 7,500க்கு மேல் போனால் அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் முக்கியமாகக் கவனித்தது வேறு. அவர்கள் எண்ணிய கருவி இடுப்பில் கட்டியது, கையில் இல்லை. அப்படியானால் அந்த 7,500க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது என் பட்டையின் 3,800, வாட்சின் 14,000 இல்லையே. சுகர் ஏன் இறங்கவில்லை என்று டாக்டருக்கு முதல் நிமிஷமே தெரிந்திருக்கிறது.

அதனால் இப்போது நிஜமாகவே நடக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து சூரியநாராயண செட்டித் தெரு வழியாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை, போய் வர 5,500 அடி. ஏழு மணிக்கு மேல் கன்டெய்னர் லாரி நம்மை நடக்க விடாது. தடைக்காலம் முடிந்து 15ஆம் தேதி படகெல்லாம் கடலுக்குப் போய் இப்போது சரக்கு வந்துகொண்டிருக்கிறது, 61 நாள் காய்ந்து கிடந்த இடமா இது என்று கேட்பாய், அவ்வளவு கூட்டம், ஏலம், ஐஸ் உடைக்கிற சத்தம். போன வாரம் வேர்வையில் சட்டை ஒட்டி உள்ளே பட்டை தெரிந்துவிட்டது. நாம் எப்போதும் நண்டு வாங்குகிற அக்கா பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நெஞ்சுல பெல்ட்டு கட்டிக்கினுகீற, ஆபரேசனா?" என்று பதறிவிட்டார். நடக்கிறதை எண்ணுகிற மெஷின் அக்கா என்றேன். "நடக்கிறத எண்ணி இன்னா பண்ணப் போற, மீன எண்ணி வாங்கு" என்று ஒரு சங்கராவைக் கூடப் போட்டுக் கொடுத்தார். நாலு பேருக்கு முன்னால் கடன் பட்டேன்.

ஞாயிறானால் திருவொற்றியூர் பக்கம். மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கி தேரடி வரை நடை. உங்கள் பழைய வீட்டு வாசலில் இப்போது செல்போன் கடை. காலடிப்பேட்டை என்ற பெயருக்குச் சாமியின் காலடி பட்டது என்று உன் பாட்டி கதை சொல்வாரே, நிஜத்தில் 1717இலிருந்து 1720 வரை இங்கே கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பாட்டி கதைதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, ஆனாலும் துணி விற்கிறவன் அடி எண்ணிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

இந்த மாதம் என் சராசரி 8,100, பட்டைக் கணக்கு. ஆகஸ்ட்டில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், பார்க்கலாம். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், பெரியவளுக்கு மாதவரம் பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. உன் வீட்டில் தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

பணம் விஷயம். 3,000 உனக்குத் திருப்பித் தர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2,500தான் ஜிபேயில் போட்டிருக்கிறேன். மார்ச் 9ஆம் தேதி நீ திடீரென்று 22,000 அடி என்று அனுப்பினாய், அன்றைக்கு உன் பேரன் பிறந்தநாள், போட்டோவில் பையன் கையில் உன் வாட்ச் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அதற்கு அபராதம் 500. ஆடி முடிந்து நீ வரும்போது பட்டையைத் துவைத்து வைக்கிறேன், ஒரு நாள் நீ கட்டு, ஒரு நாள் நான் கட்டுகிறேன், புதுப் பந்தயம் அதில் வைத்துக்கொள்ளலாம்.

உன்
மணி