அந்த எச்சில் டெஸ்ட் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டிலேயே எச்சில் துப்பி அனுப்புகிற மரபணு டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். உன் உடம்பு, உன் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. கையால் எழுதவில்லை, டைப் அடித்துத்தான் அனுப்புகிறேன். இப்போதெல்லாம் வரி ஆரம்பிக்கும்போது ஒழுங்காக இருக்கிற என் எழுத்து முடிவதற்குள் எறும்பு வரிசை மாதிரி சிறுத்துவிடுகிறது.

இந்தப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் தாத்தாவுக்கு வந்தது, மாமாவுக்கு வந்தது, இப்போது எனக்கு. அடுத்தது யாரோ என்று நீ யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக்டர் சொன்னது என்னவென்றால், பரிசோதனையை நோய் வந்தவரிடம்தான் தொடங்க வேண்டும், வராதவரிடம் இல்லை. அதனால் நான் ரத்தம் கொடுத்தேன். சும்மா வைத்திருந்தால்தான் என் கை ஆடும், வேலை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். அது அந்த நர்ஸுக்குத் தெரிந்திருந்தது, பஞ்சு உருண்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டில், இதுவரை தெரிந்த பார்க்கின்சன் மரபணுக்களில் நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. உன் சித்தி உடனே "அப்பாடா, அப்போ பரம்பரை இல்லை" என்றாள். அப்படி அர்த்தம் இல்லை. கண்டுபிடித்த வரையில் இல்லை, அவ்வளவுதான். சரி, இப்போது நீயே சொல், அந்த கிட்டுகள் பெரும்பாலும் எல்ஆர்ஆர்கே2, ஜிபிஏ என்ற மரபணுக்களில் ஓரிரு மாற்றங்களை மட்டும்தான் பார்க்கும், என்னிடமே இல்லாததை உன்னிடம் தேடி என்ன ஆகப்போகிறது? (அப்பா பக்கத்திலிருந்து ஏதாவது வந்திருந்தால் அது வேறு கதை.) "இல்லை" என்று வந்தால் காரணமே இல்லாமல் நிம்மதியாக இருப்பாய். "இருக்கிறது" என்றே வந்தாலும், எல்ஆர்ஆர்கே2 மாற்றத்தோடு 80 வயதைத் தாண்டியும் நோய் வராதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

உனக்கு உண்மையிலேயே ஏதாவது செய்யத் தோன்றினால் ஒன்று இருக்கிறது. மாமாவும் நானும் ஒரு குடும்ப ஆய்வில் சேர்ந்திருக்கிறோம், அங்கே நோய் இல்லாதவர்களின் ரத்தமும் கேட்கிறார்கள். நோய் வந்த எல்லோரிடமும் இருக்கிற, வராதவர்களிடம் பெரும்பாலும் இல்லாத மரபணுத் துண்டு எது என்று ஒப்பிட்டுத்தான் தேடவேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் வேண்டும். தெற்கு இத்தாலியில் கொண்டூர்சி என்ற ஊரிலிருந்து கிளம்பி அமெரிக்கா வரை பரவிய ஒரு பெரிய குடும்பத்தில் இப்படித் தேடித்தான் முதல் பார்க்கின்சன் மரபணு கிடைத்தது. 1996-ல் அது நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது, 1997-ல் ஆல்ஃபா-சினுக்ளின் என்ற புரதத்தின் மரபணு என்று பிடித்துவிட்டார்கள். அதே வருடம் இன்னொரு குழு, குடும்பத்தில் யாருக்குமே நோய் இல்லாத சாதாரண நோயாளிகளின் மூளை செல்களுக்குள் சேரும் நுண்ணிய உருண்டைகளிலும் அந்தப் புரதம்தான் குவிந்திருக்கிறது என்று காட்டியது. ஒரு குடும்பத்தைத் துருவியதில் எல்லோருடைய நோயும் கொஞ்சம் புரிந்தது, எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்ததே அதுதான். மருந்து என் காலத்துக்குள் வருமா என்பதெல்லாம் நான் கணக்குப் போடுவதில்லை.

ஆனால் எனக்காக என்று கொடுக்காதே. ரத்தம் கொடுப்பது வேறு, முடிவைத் தெரிந்துகொள்வது வேறு. சம்மதப் படிவத்தில் முடிவு எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று போட்டாலும் ரத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்று போட்டால் முதலில் மரபணு ஆலோசகரிடம் பேசு, இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் கேட்டுக்கொள், அது நாட்டுக்கு நாடு மாறும். அப்புறம், உன் பரிசோதனை முடிவு தம்பியைப் பற்றியும் ஏதோ சொல்லும், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. எனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை.

படிவத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஃபோன் பண்ணு, காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணு, அப்போதுதான் என் பேச்சு உனக்குத் தெளிவாகக் கேட்கும்.

அன்புடன்,
அம்மா